கல்லூரி மாறினால் தண்டனையா?

அமெரிக்காவில் ஒரு மாணவர் கல்லூரி மாற விரும்பினார். 35 கல்லூரிகளின் பெயரை எழுதிக் கொடுத்தார். அவற்றில் ஏதாவது ஒன்றில் சேர அனுமதி கேட்டார்.

35 கல்லூரிக்கும் "முடியாது" என்று பதில் வந்தது!

இது நடந்தது 2017-ம் ஆண்டில். மாணவரின் பெயர் கோரி சட்டன். அவர் படித்தது கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில். அவர் கால்பந்து ஆட்டக்காரர்.

அனுமதி மறுத்தவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பில் ஸ்னைடர். அப்போது அவருக்கு வயது 77. பெரிய மனிதர். தோற்றுக்கொண்டே இருந்த ஓர் அணியைத் தூக்கி நிறுத்தியவர். அந்த ஊர் விளையாட்டு அரங்கத்துக்கே அவர் குடும்பத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சட்டன் மேல் முறையீடு செய்தார். அங்கும் தோல்வி.

செய்தி பத்திரிகைகளில் வந்தது. நாடெங்கும் கூச்சல் எழுந்தது. அதன் பிறகுதான் பல்கலைக்கழகம் இறங்கி வந்தது. "போகலாம்" என்று சொன்னது.

சட்டன் வட கரோலினா மாநிலத்தில் உள்ள அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் சேர்ந்ததும் ஆட முடிந்ததா? இல்லை. கல்லூரி மாறியதற்காக ஓர் ஆண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். 2018-ம் ஆண்டில்தான் மைதானத்தில் இறங்கினார்.

விளையாட்டு மாணவர் கல்லூரி மாறுவதைத் தடுக்கக் கல்லூரிக்கு உரிமை உண்டா?

அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடந்து வரும் வழக்கு இது. இன்னும் முடியவில்லை.

ஒரு லட்சம் பேர் பார்க்கும் ஆட்டம்

கல்லூரி விளையாட்டுக்கு இத்தனை சண்டையா என்று நினைக்கலாம்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது மாலை நேரப் பொழுதுபோக்கு அல்ல. அது கோடிக்கணக்கான டாலர் புரளும் தொழில்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கத்தில் ஒரே நேரத்தில் 1 லட்சத்து 7 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் இடம் நிரம்பி வழியும்.

அங்கே கால்பந்து என்றால் நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் ஏந்தி ஓடுவார்கள். எறிவார்கள். எதிராளியை மோதித் தள்ளுவார்கள். தலையில் கவசம் போட்டுக்கொண்டுதான் ஆட முடியும்.

கல்லூரி விளையாட்டுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. பெயர் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். சுருக்கமாக என்.சி.ஏ.ஏ. என்பார்கள். சுமார் 1,100 கல்லூரிகள் இதில் உறுப்பினர்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இதன் விதிகளுக்குக் கட்டுப்பட்டு ஆடுகிறார்கள்.

நன்றாக ஆடும் பையனுக்குக் கல்லூரி உபகாரச் சம்பளம் கொடுக்கிறது. படிப்புக் கட்டணம் இல்லை. சாப்பாடு, தங்கும் இடம், புத்தகம் எல்லாம் இலவசம். ஏழைக் குடும்பத்துப் பையனுக்கு இது பெரிய வரம். வீட்டில் முதன் முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்களும் இவர்களில் உண்டு.

அந்த வரத்தோடு ஒரு கயிறும் வந்தது. அதுதான் கல்லூரி மாறும் விதி.

ஒரு நாள் மாணவர்!

விதி காரணமில்லாமல் வந்ததல்ல. அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

1896-ம் ஆண்டு. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பீல்டிங் யோஸ்ட் என்ற வாலிபர் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். கால்பந்தில் கெட்டிக்காரர்.

பென்சில்வேனியாவில் லபயெட் என்று ஒரு கல்லூரி. அதற்கு ஒரு பெரிய ஆட்டம் வந்தது. எதிரி, நெடுநாளாகத் தோல்வியே காணாத பென்சில்வேனியா பல்கலைக்கழக அணி.

யோஸ்ட் திடீரென்று லபயெட் மாணவர் ஆனார்! அந்த அணிக்காக ஆடினார். லபயெட் 6-க்கு 4 என்ற கணக்கில் ஜெயித்தது. ஆட்டம் முடிந்தது. யோஸ்ட் பழைய கல்லூரிக்கே திரும்பிவிட்டார். அங்கேயே சட்டப் படிப்பை முடித்தார்.

இப்படி ஊர் ஊராகப் போய் ஆடியவர்கள் அந்தக் காலத்தில் பலர். அவர்களை "நாடோடி ஆட்டக்காரர்கள்" என்று அழைத்தார்கள். புத்தகத்தைத் தொடாதவர்கள் கூட மாணவர் என்ற பெயரில் ஆடினார்கள். பணம் கொடுத்த கல்லூரியே அவர்கள் கல்லூரி.

யோஸ்ட் பிற்காலத்தில் மிச்சிகனில் புகழ் பெற்ற பயிற்சியாளர் ஆனார். மேலே சொன்ன பெரிய அரங்கம் 1927-ல் அவர் காலத்தில் கட்டப்பட்டதுதான்.

1905-ம் ஆண்டில் கால்பந்து மைதானத்தில் பல மாணவர்கள் அடிபட்டு இறந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளை அழைத்துப் பேசினார். மறு ஆண்டு, 1906-ல், சங்கம் பிறந்தது. நாடோடி ஆட்டத்துக்கு முடிவு கட்ட வேண்டும் என்ற எண்ணம் அன்றே வலுத்திருந்தது. கல்லூரி மாறியவர் உடனே ஆடக்கூடாது என்ற கட்டுப்பாடும் இந்த எண்ணத்திலிருந்து வந்ததுதான்.

படிக்காதவனைப் படிக்க வைப்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் நாளடைவில் விதி யாரைப் பிடித்தது?

இரண்டு பூட்டு

2018-ம் ஆண்டு வரை இரண்டு பூட்டுகள் இருந்தன.

முதல் பூட்டு: அனுமதி. மாணவர் வேறு கல்லூரிப் பயிற்சியாளரோடு பேச வேண்டுமானால், பழைய கல்லூரி "சரி" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் புதிய கல்லூரி ஓர் ஆண்டு அவருக்கு விளையாட்டு உபகாரச் சம்பளம் கொடுக்கக்கூடாது. சட்டனுக்கு 35 கல்லூரிகளின் கதவு அடைபட்டது இந்தப் பூட்டால்தான்.

இரண்டாவது பூட்டு: காத்திருப்பு. கால்பந்து, ஆண்கள் கூடைப்பந்து, பெண்கள் கூடைப்பந்து, பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி. இந்த 5 ஆட்டங்களில் உள்ளவர்கள் கல்லூரி மாறினால் ஓர் ஆண்டு ஆடக்கூடாது.

படிக்கத் தடை இல்லை. எந்தக் கல்லூரிக்கும் போகலாம், வகுப்பில் உட்காரலாம். மைதானத்தில் இறங்கத்தான் தடை. ஆனால் உபகாரச் சம்பளத்தை நம்பி வந்த ஏழைப் பையனுக்கு இரண்டும் ஒன்றுதானே!

ஓர் ஆண்டு என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கணக்குப் பாருங்கள். 5 ஆண்டுக்குள் 4 பருவம் ஆடலாம் என்பது சங்கத்தின் நெடுநாள் விதி. கல்லூரி மாறிய ஆண்டும் அந்த 5-ல் சேர்த்தி. பிறகு காயம்பட்டு ஓர் ஆண்டு படுத்தால், போன பருவம் போனதுதான். மோதி விழும் ஆட்டத்தில் யாருடைய முழங்கால் எப்போது முறியும் என்று யார் சொல்ல முடியும்?

படிப்பு கெடாமல் இருக்கத்தான் இந்தக் காத்திருப்பு என்றது சங்கம். அப்படியானால் ஒரு சந்தேகம் வருகிறது. நீச்சல்காரரும் ஓட்டக்காரரும் பழைய கல்லூரி சம்மதித்தால் காத்திராமலே ஆடலாம். அவர்கள் படிப்பு மட்டும் கெடாதா? பணம் கொழிக்கும் கால்பந்தும் கூடைப்பந்தும் தடைப் பட்டியலில் இருந்தன. பணம் வராத ஆட்டங்கள் பலவும் பட்டியலுக்கு வெளியே இருந்தன. இதைப் பலரும் கவனித்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1973-ம் ஆண்டு முதல் சுமார் 40 ஆண்டுகள், உபகாரச் சம்பளம் ஓர் ஆண்டுக்குத்தான். ஆண்டு முடிந்ததும் பயிற்சியாளர் விரும்பினால் புதுப்பிப்பார். விரும்பாவிட்டால் நிறுத்திவிடலாம்.

கல்லூரி மாணவரைக் கைவிடலாம். மாணவர் கல்லூரியைக் கைவிடக்கூடாது. இதுதான் அன்றைய ஏற்பாடு.

பயிற்சியாளருக்கு ஒரு நீதி

மாணவர்களுக்குத்தான் பூட்டு. பயிற்சியாளர்களுக்குப் பூட்டே கிடையாது.

2016-ம் ஆண்டு. அலபாமா பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட், ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். இரண்டும் ஒரே கூட்டணியில் உள்ள போட்டிக் கல்லூரிகள். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஒரு நாள் கூட உட்கார வைக்கவில்லை.

அதே ஆண்டு மொரீஸ் ஸ்மித் என்ற அலபாமா மாணவரும் ஜார்ஜியாவுக்குப் போக விரும்பினார். அவர் அலபாமாவில் பட்டப் படிப்பையே முடித்துவிட்டார். அப்படியும் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் சம்மதிக்கவில்லை. கடைசியில் கூட்டணியின் தலைமை தலையிட்டு விலக்கு அளித்தது. பிறகுதான் அவரால் போக முடிந்தது.

இன்னொரு நிகழ்ச்சி. 2021 நவம்பர் 27, சனிக்கிழமை. ஒக்லஹோமா பல்கலைக்கழகம் தன் பரம வைரி அணியோடு ஆடியது. பயிற்சியாளர் லிங்கன் ரைலி அணியை நடத்தினார். மறு நாள் ஞாயிற்றுக்கிழமை. ரைலி கலிபோர்னியாவுக்கு, தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஆகிவிட்டார்!

அவரை நம்பி ஒக்லஹோமாவில் சேர்ந்த பையன்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் கேலப் வில்லியம்ஸ். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் முக்கிய ஆட்டக்காரர். சில வாரங்களில் அவரும் பயிற்சியாளரின் பின்னாலேயே கலிபோர்னியா போனார்.

நல்ல வேளையாக அதற்குள் விதி மாறியிருந்தது. வில்லியம்ஸ் காத்திராமல் உடனே ஆடினார். 2022-ம் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு உரிய ஹைஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைத்தது.

பழைய விதி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விட்டுப் போன பயிற்சியாளர் பல லட்சம் டாலர் சம்பளத்தோடு அணியை நடத்திக்கொண்டிருப்பார். அவரைத் தொடர்ந்து போன மாணவர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்.

பூட்டு உடைந்தது

விதி எப்படி மாறியது? படிப்படியாக மாறியது.

2018 அக்டோபர் 15-ல் முதல் பூட்டு கழன்றது. அனுமதி கேட்கும் முறை போய், அறிவிக்கும் முறை வந்தது. மாணவர் எழுதிக் கொடுத்தால் போதும். 2 வேலை நாட்களுக்குள் கல்லூரி அவர் பெயரை ஒரு பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இதைத்தான் டிரான்ஸ்பர் போர்ட்டல் என்கிறார்கள். பெயர் ஏறியதும் மற்றக் கல்லூரிகள் அவரோடு பேசலாம்.

2021 ஏப்ரலில் இரண்டாவது பூட்டு பாதி திறந்தது. எந்த ஆட்டக்காரரும் ஒரு தடவை கல்லூரி மாறி, உடனே ஆடலாம் என்றார்கள். இரண்டாம் தடவை மாறினால் காத்திருக்க வேண்டும்.

மிச்சம் இருந்ததை உடைத்தது கோர்ட்டு.

ரேக்வான் பேட்டில் என்று ஒரு கூடைப்பந்து வீரர். முதலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆடினார். பிறகு மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2023-ல் அங்கே அவருடைய பயிற்சியாளர் வேறு வேலை தேடிப் போய்விட்டார். பேட்டிலும் மேற்கு வர்ஜீனியாவுக்கு மாறினார். அதே ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரும் பதவி விலகிவிட்டார்!

பயிற்சியாளர்கள் போனதற்குத் தண்டனை இல்லை. பேட்டிலுக்குத்தான் "இது இரண்டாம் தடவை, உட்கார்" என்று உத்தரவு வந்தது.

2023 டிசம்பரில் 7 மாநில அரசாங்கங்கள் சேர்ந்து சங்கத்தின் மீது வழக்குப் போட்டன. வழக்கு நடந்த இடம் மேற்கு வர்ஜீனியா. 1896-ல் யோஸ்ட் ஒரே ஓர் ஆட்டத்துக்காகக் கல்லூரி மாறினாரே, அதே மாநிலம்தான்!

சாட்சிக் கூண்டில் பேட்டிலும் ஏறினார். டிசம்பர் 13-ல் நீதிபதி ஜான் பிரஸ்டன் பெய்லி விதிக்குத் தடை விதித்தார். அடுத்து அமெரிக்க மத்திய அரசின் நீதி இலாகாவும் மாநிலங்களின் பக்கம் சேர்ந்துகொண்டது. 2024 ஏப்ரலில் சங்கமே இறங்கி வந்தது. மார்க்கு சரியாக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம், உடனே ஆடலாம் என்று விதி எழுதிவிட்டது.

இப்போது எதிர்ப்பக்கம்

பூட்டு உடைந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. வண்டி எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது.

2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம். 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு சமரசத்தை ஏற்றார். அதன்படி கல்லூரியே மாணவர்களுக்கு நேராகப் பணம் கொடுக்கலாம். 2025-26 கல்வி ஆண்டில் ஒரு கல்லூரி சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம் என்று அளவு வைத்தார்கள்.

பணமும் உண்டு, மாறவும் தடை இல்லை. விளைவு என்ன? ஆண்டுக்கு ஒரு கல்லூரி என்று மாறுகிறவர்கள் பெருகினார்கள்.

கல்லூரிகள் சொல்லும் குறைகளைத் தள்ளிவிட முடியாது.

சிறிய கல்லூரி யாரும் கவனிக்காத பையனைத் தேடிப் பிடிக்கிறது. இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து ஆளாக்குகிறது. அவன் பேர் எடுத்ததும் பெரிய கல்லூரி பணத்தைக் காட்டித் தட்டிக்கொண்டு போகிறது. பயிரிட்டவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன்.

படிப்பும் கெடுகிறது. ஒரு கல்லூரியில் தேறிய பாடங்கள் எல்லாவற்றையும் இன்னொரு கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. மூன்று கல்லூரி மாறியவர் பட்டம் வாங்க நாளாகும். வாங்காமலே போனாலும் போகலாம்.

இன்னொரு வேதனை வெளியே அதிகம் தெரிவதில்லை. பதிவேட்டில் பெயர் கொடுத்த எல்லோரையும் யாராவது கூப்பிடுவதில்லை. பெயர் கொடுத்தவரின் உபகாரச் சம்பளத்தை அந்தப் பருவ முடிவோடு நிறுத்தலாம் என்றும் 2018-ம் ஆண்டு விதி சொன்னது. பெரிய பணம் வாங்கியவர் படம் பத்திரிகையில் வருகிறது. இருந்த இடமும் போய், புதிய இடமும் கிடைக்காமல் தவிக்கும் பையனின் படம் வருவதில்லை.

கல்லூரிகளுக்குள்ளேயே வழக்கும் வந்துவிட்டது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மாணவர் ஒருவர் மாற விரும்பினார். பல்கலைக்கழகம் அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற மறுத்தது. அவர் படிப்பிலிருந்தே விலகினார். 2025 ஜனவரியில் புளோரிடா மாநிலத்தில் உள்ள மியாமி பல்கலைக்கழகத்தில் சாதாரண மாணவராகச் சேர்ந்தார். அங்கே ஆட்டக்காரரும் ஆனார்.

விஸ்கான்சின் சும்மா இருக்கவில்லை. தன்னிடம் 2 ஆண்டு ஒப்பந்தம் செய்த மாணவரை மியாமி ஆசை காட்டி இழுத்துவிட்டது என்று 2025 ஜூனில் வழக்குத் தொடர்ந்தது. ஒரு பல்கலைக்கழகம் இன்னொரு பல்கலைக்கழகத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தது!

எது நியாயம்?

ஆக, பூட்டும் வேண்டாம், திறந்த வீடும் வேண்டாம். பிறகு என்னதான் வழி?

கல்லூரி சில கட்டுப்பாடுகள் வைக்கலாம். ஒரே பருவத்தில் இரண்டு அணிக்கு ஆடக்கூடாது எனலாம். ஆண்டில் குறித்த நாட்களில் மட்டும் மாறலாம் எனலாம். அப்போதுதான் பயிற்சியாளரால் அணியைத் திட்டமிட முடியும். மார்க்கு வாங்காதவர் ஆடக்கூடாது எனலாம். இவை எல்லோருக்கும் பொதுவான விதிகள். யோஸ்டைப் போன்ற ஒரு நாள் மாணவரைத் தடுக்க இவையே போதும்.

கல்லூரி செய்யக்கூடாதவையும் உண்டு. "இந்த ஊருக்குப் போ, அந்த ஊருக்குப் போகாதே" என்று சொல்லக்கூடாது. போட்டிக் கல்லூரிக்குப் போகிறான் என்ற கோபத்தில் பையனின் உபகாரச் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது. ஒரு பயிற்சியாளரின் விருப்பு வெறுப்புக்கு ஒரு மாணவரின் படிப்பை விட்டுவிடக்கூடாது.

மாணவரைக் கட்டாயம் நிறுத்திவைக்க விரும்பும் கல்லூரிக்கு நேர் வழி இருக்கிறது. ஒப்பந்தம் போடட்டும். "நீ 3 ஆண்டு இங்கே ஆட வேண்டும். காயம் பட்டாலும், பயிற்சியாளர் மாறினாலும், நாங்கள் 3 ஆண்டும் உன்னைப் படிக்க வைப்போம்" என்று எழுதிக் கொடுக்கட்டும். நடுவில் வேறு கல்லூரி கூப்பிட்டால், நஷ்டத்தை அந்தக் கல்லூரி கொடுக்கட்டும். பயிற்சியாளர்களை இழுக்கும்போது கல்லூரிகள் இப்படித்தான் பணம் கட்டித் தீர்க்கின்றன. மாணவருக்கு மட்டும் ஏன் வேறு முறை?

அந்த ஒப்பந்தத்தைப் பையனும் பெற்றோரும் வக்கீலைக் கேட்டுப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். போட்ட பிறகு வாக்கைக் காப்பாற்றட்டும். வாங்கிய பணத்துக்கு உழைக்க வேண்டியது நியாயம்தான்.

ஸ்னைடர் கெட்டவர் அல்ல. தன் அணி கலைந்துவிடக்கூடாது என்று கவலைப்பட்டார். அந்தக் கவலை எந்தப் பயிற்சியாளருக்கும் வரும். ஆனால் சட்டனுக்கு அவர் கல்லூரி எதை உறுதியாகக் கொடுத்தது? கட்டுப்பாடு சட்டனுக்கு மட்டும்தான் இருந்தது.

அந்த 35 பெயர்களையும் எழுதிக்கொண்டு ஒரு மாணவர் கை கட்டி நின்றாரே, அந்த நிலைமை இனி வரக்கூடாது. வாக்குக் கொடுத்தால் இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கட்டும் கயிறு, எவ்வளவு பெரிய மனிதர் கட்டினாலும், நியாயம் ஆகாது.